வளர்ப்புப் பிள்ளையும் அதன் தகப்பன் பெயரும்

 

ஸ்ரீமுஷ்ணத்தில் நேரில் கேட்டவர்களும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு இந்தப் பக்கத்தில் வாசிப்பவர்களும் இன்றைக்குக் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். பேசப்போகும் விஷயம் நம்மில் பல வீடுகளில் மெதுவான குரலில் மட்டும் பேசப்படுகிற விஷயம்.

சில நாட்களுக்கு முன் ஒரு தம்பதி என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்களிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். யார் என்று தேடாதீர்கள். நிக்காஹ் முடிந்து 11 வருடம். இருவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எல்லா வைத்தியமும் பார்த்தாகிவிட்டது. இங்கிருந்து ஒரு பிள்ளையை எடுத்து அங்கே கொண்டுபோய் வளர்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கணவர் கேட்டார்: "ஹஜ்ரத், தத்தெடுப்பது கூடாது என்கிறார்கள். யதீமை வளர்த்தால் சுவர்க்கம் என்று நீங்களே மிம்பரில் சொல்கிறீர்கள். நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?"

மனைவி ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது மட்டும் ஒன்று சொன்னார். தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு பச்சைக் குழந்தை வருகிறதாம். ஆஸ்பத்திரியிலேயே இவர்கள் பெயரில் பிறப்புச் சான்றிதழ் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். ஒரு தொகை கொடுத்தால் போதும். பாஸ்போர்ட், விசா எதற்கும் சிக்கல் இல்லையாம். "அப்படி எடுத்துட்டா யாருக்கும் தெரியாது ஹஜ்ரத். பிள்ளைக்கும் தெரியாது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இன்றைய பயான்.

முதலில் கணவரின் கேள்வி. ஹிஜ்ரி 7-ம் வருடம், உம்ரத்துல் களாவை முடித்துவிட்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுக் கிளம்புகிறார்கள். அப்போது உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சின்ன மகள் "சாச்சா, சாச்சா" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவருகிறது. அலீ (ரலி) அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் கொடுக்கிறார்கள். பிறகு இந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது என்று மூன்று பேருக்குள் வழக்கு வந்துவிட்டது. அலீ, "என் சாச்சா மகள்" என்கிறார்கள். ஜஃபர், "எனக்கும் சாச்சா மகள்தான், அதோடு இவளுடைய காலா என் மனைவி" என்கிறார்கள். ஸைத் இப்னு ஹாரிஸா, "ஹம்ஸாவை எனக்குச் சகோதரராக ஆக்கித் தந்தது நபியவர்கள், இவள் என் சகோதரன் மகள்" என்கிறார்கள். நபியவர்கள் ஜஃபரின் வீட்டுக்குத் தீர்ப்பளித்தார்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்பது காரணம். தோற்ற இருவருக்கும் மனம் நோகாதபடி ஆளுக்கொரு நல்ல வார்த்தையும் சொல்லி அனுப்பினார்கள். புகாரியில் வருகிற சம்பவம் இது.

சொத்துக்காகச் சண்டை போடுகிற குடும்பங்களை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். ஒரு யதீமை "நான்தான் வளர்ப்பேன், நான்தான் வளர்ப்பேன்" என்று சண்டை போட்டு என்னிடம் இதுவரை யாரும் வந்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சிறுமி ஜஃபரின் வீட்டில் வளர்ந்தாள். ஹதீஸில் இன்றைக்கும் அவள் ஹம்ஸாவின் மகள்தான். யாரும் அவளை ஜஃபரின் மகளாக்கவில்லை.

அந்த வழக்கில் மூன்றாவதாக நின்ற ஸைத் (ரலி) யார்? அவர்களே ஒரு திருடப்பட்ட பிள்ளை. கல்ப் கோத்திரத்துப் பையன். தாயோடு தாயின் கோத்திரத்தாரைப் பார்க்கப் போன இடத்தில் கொள்ளைக் கூட்டம் புகுந்து பையனைத் தூக்கிக்கொண்டு போய் உக்காள் சந்தையில் விற்றுவிட்டது. ஹகீம் இப்னு ஹிஸாம் வாங்கி, தன் மாமி கதீஜா (ரலி) அவர்களிடம் கொடுத்தார். அவர்கள் நபியவர்களிடம் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் தகப்பன் ஹாரிஸா ஊர் ஊராகத் தேடி அழுதுகொண்டிருக்கிறார். மக்காவில் மகன் இருப்பதாகத் தகவல் கிடைத்ததும், மீட்புப் பணத்தைக் கட்டிக்கொண்டு தம்பியோடு வந்து நிற்கிறார். நபியவர்கள் பணம் கேட்கவில்லை. பையனையே கேளுங்கள், உங்களோடு வருவதாகச் சொன்னால் பணமில்லாமல் கூட்டிப் போங்கள் என்றார்கள். ஸைத் நபியவர்களோடு இருப்பதையே தேர்ந்தெடுத்தார். அப்போதுதான் நபியவர்கள் கஃபாவின் அருகே நின்று இவர் என் மகன் என்று அறிவித்தார்கள். ஸைத் இப்னு முஹம்மத் என்று ஊரே கூப்பிட்டது.

இதைவிட அழகான தத்து எங்கே கிடைக்கும்? எடுத்தவர் உலகத்துக்கே ரஹ்மத், பிள்ளைக்கு விருப்பம், தகப்பனும் மனம் ஆறித் திரும்பிப் போனார். இதற்குப் பிறகும் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ம் வசனம் இறங்குகிறது. வளர்ப்பு மகன்களை அவர்களின் சொந்தத் தகப்பன்மார் பெயரைச் சேர்த்தே கூப்பிடுங்கள், அதுவே நீதம், தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்பது அந்த வசனத்தின் கருத்து. அன்றிலிருந்து அவர் ஸைத் இப்னு ஹாரிஸா. பிரியம் ஒரு இம்மியும் குறையவில்லை. ஹிஜ்ரி 8-ல் முஃதா போருக்கு முதல் தளபதியாக அனுப்பப்பட்டு அங்கே ஷஹீதானார். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட ஒரே ஸஹாபி அவர்தான். அவருடைய மகன் உஸாமாவையும் நபியவர்கள் அதே பிரியத்தோடு வளர்த்தார்கள்.

ஆக, கணவருக்கு என் பதில் இதுதான். வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை, தூண்டுகிறது. தடுத்தது ஒன்றே ஒன்று: அந்தப் பிள்ளைக்கு இருக்கிற தகப்பனை அழித்துவிட்டு நாம் அந்த இடத்தில் பெயரை எழுதிக்கொள்வது. சிலர் இந்த வசனத்தில் தடையை மட்டும் எடுத்துக்கொண்டு, "இஸ்லாத்தில் தத்து இல்லை" என்று ஒரு வரியில் முடித்து, யதீமையும் வாசலோடு அனுப்பிவிடுகிறார்கள். தடை சொன்ன அதே மார்க்கம் யதீமை ஏற்றுக்கொண்டவர் சுவர்க்கத்தில் தன்னோடு இரண்டு விரல்கள்போல் நெருக்கமாக இருப்பார் என்று நபியவர்கள் காட்டியதையும் சொல்கிறதே! இதற்குப் பெயர் கஃபாலா. 1989-ல் ஐ.நா. கொண்டுவந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-வது பிரிவிலேயே, வீடில்லாத பிள்ளைக்கான வழிகளில் ஒன்றாக இந்தக் கஃபாலா பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது.

பிள்ளை இல்லாத பெண்களைப் பற்றி நம் மஹல்லாவில் பேசுகிற பேச்சுக்கும் ஒரு வார்த்தை. நம் தாய் ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கள் சகோதரி மகன் அப்துல்லாஹ்வின் பெயரைக் கொண்டு உம்மு அப்துல்லாஹ் என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களுடைய சகோதரர் முஹம்மத் இப்னு அபீபக்ர் மிஸ்ரில் கொல்லப்பட்டபோது அவருடைய மகன் காஸிம் சின்னப் பையன். ஆயிஷா (ரலி) எடுத்து வளர்த்தார்கள். மதீனாவின் ஏழு பெரும் ஃபகீஹ்களில் ஒருவராக அந்தப் பையன் வந்தார். காஸிம் இப்னு முஹம்மத் என்று தகப்பன் பெயரோடுதான் இன்றைக்கும் கிதாபுகளில் ஓதுகிறோம். கல்யாண வீட்டில் பிள்ளையில்லாத பெண்ணை ஒதுக்கி நிற்கவைக்கிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

இப்போது மனைவி சொன்ன விஷயம்.

யூஸுஃப் (அலை) அவர்களின் சரித்திரத்தை நாம் பொறுமைக்காகவும் கற்புக்காகவும் பயான் செய்கிறோம். எனக்கு அது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்கப்பட்ட பிள்ளையின் சரித்திரமாகவும் தெரிகிறது. கிணற்றிலிருந்து எடுத்தவர்கள் சொற்பக் காசுக்கு விற்றார்கள். மிஸ்ரில் வாங்கியவர் நல்ல மனிதர். கண்ணியமாக வைத்துக்கொள், பிள்ளையாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னார். வாங்கியவரிடம் குற்றமில்லை. ஆனால் கன்ஆனில் ஒரு தகப்பன் அழுது அழுது கண் வெளுத்துப் போனார்.

"எங்கள் எண்ணம் நல்லது ஹஜ்ரத்" என்று அந்தத் தம்பதி சொன்னார்கள். மிஸ்ரின் அஜீஸுக்கும் எண்ணம் நல்லதுதான்.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2005-ல் சென்னைப் போலீசார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். ஏழைகள் வாழ்கிற தெருக்களில் விளையாடிக்கொண்டிருந்த, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தூக்கி, ஒரு தத்தெடுப்பு நிறுவனத்துக்கு விற்றவர்கள். அங்கே பெயர் மாற்றி, பெற்ற தாயே ஒப்படைத்ததுபோலக் காகிதம் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, அமெரிக்கா என்று அந்தப் பிள்ளைகள் போன இடங்கள் பின்னர் தெரியவந்தன. அதில் ஒரு சிறுமி வடசென்னையில் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. ஆஸ்திரேலியாவில் எடுத்து வளர்த்தவர்கள் அரசாங்க முத்திரையை நம்பி எடுத்தவர்கள்; அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். எத்தனை வருடம் கழித்து உண்மை தெரிந்தால் என்ன? பிள்ளைக்குத் தாய்மொழி போய்விட்டது, மார்க்கம் போய்விட்டது. பெற்றவள் ஹாரிஸாவைப்போலத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நம் பக்கத்து மாவட்டங்களில்? 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் உதவியாளர் ஒருவர் பல வருடங்களாகக் குழந்தைகளை விற்றுவந்ததாக ஒரு போன் உரையாடல் வெளியே வந்தது. ஆண் பிள்ளைக்கு ஒரு விலை, பெண் பிள்ளைக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. பிறப்புச் சான்றிதழும் சேர்த்தே விலை. அந்தச் சகோதரி என்னிடம் சொன்னாரே, அதே வழி.

இதில் மார்க்கமும் சட்டமும் ஒரே பக்கம் நிற்கின்றன. 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 81-வது பிரிவுப்படி குழந்தையை விற்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி. 5 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம். ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் 3 முதல் 7 வருடம். மார்க்கத்தில் இதைவிடப் பெரியது: சுதந்திரமான ஒருவரை விற்று அந்தக் காசைச் சாப்பிட்டவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வாதியாக நிற்பதாக ஹதீஸ் எச்சரிக்கிறது. பொய்ச் சான்றிதழில் உங்கள் பெயரைத் தகப்பன் என்று எழுதிவிட்டால் அந்தப் பிள்ளையின் நசபை வேரோடு வெட்டியாயிற்று. நாளைக்கு அதன் சொந்த அண்ணனோ தம்பியோ பெண் கேட்டு வந்தாலும் யாருக்குத் தெரியும்?

அப்படியானால் நேர்வழி என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெற்றவர்கள் தாங்களாக வந்து ஒப்படைத்தாலும் மனம் மாறித் திரும்பக் கேட்க அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. கைவிடப்பட்ட பிள்ளை என்றால் படத்தோடு செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்துத் தேடுகிறார்கள். ஹாரிஸா வருவதற்கு ஒரு வாசலைத் திறந்து வைப்பது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் வராவிட்டால்தான் குழந்தைகள் நலக் குழு அந்தப் பிள்ளையைத் தத்துக்கு உரியதென்று அறிவிக்கும். எடுக்க விரும்புகிறவர்கள் காரா என்று சொல்லப்படும் மத்திய அமைப்பில் ஆன்லைனில் பதிய வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளுக்கு ஆரம்பம், வெளிநாட்டுத் தத்தில் நடக்கிற முறைகேடுகளைப் பற்றி லக்ஷ்மிகாந்த் பாண்டே என்கிற வக்கீல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதம்; 1984-ல் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் தாங்கள் இருக்கும் நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் மூலமாகவோ, அங்குள்ள அரசுத் துறை மூலமாகவோ, இரண்டும் இல்லாவிட்டால் இந்தியத் தூதரகம் மூலமாகவோ விண்ணப்பிக்க வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து உத்தரவைப் பிறப்பிப்பது நீதிமன்றம் அல்ல, கலெக்டர். பிள்ளையைக் கொண்டுபோன பிறகும் இரண்டு வருடம் அங்கிருந்து நல்லபடி இருக்கிறதா என்று அறிக்கை அனுப்ப வேண்டும்.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. யோசித்துக்கொண்டே வருடங்களைக் கழிப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். காத்திருப்பு நீளம்தான். அதைத்தான் அந்த இடைத்தரகர் காசாக்குகிறார்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஷரீஅத்துக்கு நெருக்கமான வழி 1890-ம் வருட கார்டியன் சட்டம். அதில் நீங்கள் பொறுப்பாளர். பிள்ளை அதன் தகப்பன் பிள்ளையாகவே இருக்கும். ஆனால் இந்தக் காகிதத்தை வைத்துப் பிள்ளைக்கு விசா கேட்டால் பல நாடுகளில் ஏற்பதில்லை. தத்து உத்தரவு எங்கே என்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம். 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. முஸ்லிம் தனியார் சட்ட வாரியம் அந்த வழக்கில் கஃபாலாவை எடுத்துச் சொல்லி ஆட்சேபித்தது. விரும்புகிறவர் இந்தச் சட்டத்தில் எடுக்கலாம், விரும்பாதவர் தன் மார்க்கச் சட்டப்படி இருக்கலாம், கட்டாயம் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தச் சட்டத்தில் எடுத்தால் பிள்ளை எல்லா விதத்திலும் உங்கள் சொந்தப் பிள்ளை என்று எழுதப்படும்.

எழுதலாமா? ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. என் கருத்தைச் சொல்கிறேன், உங்கள் உஸ்தாதுகளிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உத்தரவு பிள்ளையின் பாதுகாப்புக்காக அரசாங்கம் கேட்கிற காகிதம். அதை உங்கள் வீட்டுக்குள் நசபாக ஆக்காதீர்கள். சட்டப்படி வந்த பிள்ளைக்குக் கோப்பு ஒன்று இருக்கிறது. எங்கே, எந்த நிலையில் கிடைத்தது என்று அதில் இருக்கும். வளர்ந்த பிறகு தன் வேரைத் தேட அந்தப் பிள்ளைக்குச் சட்டமே உரிமை கொடுக்கிறது. அந்தக் கோப்பைத் தொலைக்காதீர்கள். திருட்டுச் சான்றிதழில் இது எதுவுமே மிஞ்சாது.

இனிஷியல் பற்றியும் கேட்டார்கள். நம் தமிழ்நாட்டில் ஒரு எழுத்தில்தான் நசபே இருக்கிறது! தகப்பன் பெயர் தெரிந்த பிள்ளை என்றால், உதாரணமாக உறவுக்குள் அண்ணன் பிள்ளையை, கொழுந்தியா பிள்ளையை எடுக்கிறீர்கள் என்றால், அந்தத் தகப்பன் எழுத்தையே வைத்துக்கொள்ள முடிந்தவரை முயலுங்கள். தெரியாத பிள்ளைக்கு வளர்ப்பவர் எழுத்து வந்துவிட்டால், அது யாருடைய பாதுகாப்பில் வளர்ந்தது என்பதற்கான அடையாளம் என்று பிள்ளையிடம் சொல்லியே வளருங்கள். நிக்காஹ் மஜ்லிஸில் மட்டும் சமாளிக்க வேண்டாம். வளர்த்தவர் அங்கே வலியாக முடியாது. காஜியிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மஹ்ரம் விஷயத்துக்கு அல்லாஹ் ஒரு வாசல் வைத்திருக்கிறான்: பால்குடி உறவு. பெண் பிள்ளையை எடுத்து, இரண்டு வயதுக்குள் கணவரின் சகோதரி பால் கொடுத்தால் கணவர் அந்தப் பிள்ளைக்குப் பால்குடி மாமா. ஆண் பிள்ளைக்கு மனைவியின் சகோதரி கொடுத்தால் மனைவி அவனுக்குக் காலா. மனைவியே கொடுக்க முடிந்தால் அவரே பால்குடித் தாய். ஷாஃபிஈகளுக்கு ஐந்து முறை நிறைவாகக் கொடுக்க வேண்டும். நம் ஹனஃபிகளுக்கு ஒரு முறையே போதும். யார், எப்போது கொடுத்தார் என்று எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டு இருபது வருடம் கழித்து ஃபத்வா கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம்.

சொத்தில் வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுப் பங்கு இல்லை. அதற்காக நடுத்தெருவில் விடச் சொல்லவும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே ஹிபா செய்து கையில் கொடுக்கலாம்; மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதலாம். இதையும் பிள்ளை வந்த வருடமே செய்யுங்கள். மவ்த்தான பிறகு அண்ணன் தம்பிகள் வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பேச ஆள் இருக்காது.

நம் கடலூர் மாவட்டத்தைப் பற்றி ஒன்று. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011-ல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். ஏன்? பெண் பிள்ளைகள் பிறப்பது குறைந்துகொண்டே வந்ததால். உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையிடம் எந்தக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று கேட்கப்படுகிற நாளைப் பற்றி ஓதுகிறோமே, அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய மாவட்டங்களில் ஒன்று நம்முடையது. எடுக்க வருகிறவர்கள் "சிவப்பா, ஆம்பளைப் பிள்ளையா" என்று கேட்காதீர்கள்.

எடுத்து வளர்க்க வசதியில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிள்ளைக் கடலோரமும் நாகப்பட்டினமும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பெற்றோரை இழந்த சின்னக் குழந்தைகள் நாகையில் அரசுக் காப்பகத்தில் வளர்ந்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ராதாகிருஷ்ணன் ஐ.ஏ.எஸ். அவர்களும் அவர் மனைவியும், வேலை மாறி எங்கெங்கோ போன பிறகும் அந்தப் பிள்ளைகளைத் தேடி வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு 2022 பிப்ரவரியில் கல்யாணம் நடந்தபோது வந்து நின்று நடத்திவைத்தார். நம் மார்க்கத்துக்காரர் இல்லை. நாம் பெயர் வைத்திருக்கிற கஃபாலாவை அவர் செய்து காட்டினார்.

அந்தத் தம்பதி நேற்று மறுபடி வந்தார்கள். தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கடலூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போய் விவரம் கேட்கப்போகிறார்கள். அந்தச் சகோதரி இந்த முறை வாய் திறந்து கேட்டார்: "பிள்ளைகிட்ட உண்மையைச் சொல்லிடறேன் ஹஜ்ரத். சொன்ன பிறகும் என்னை அம்மான்னு கூப்பிடலாமா?"

கூப்பிடலாம். தாராளமாகக் கூப்பிடலாம். அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் என் செல்ல மகனே என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மாலிக்கின் மகன் என்பது எல்லோருக்கும் தெரியும். தங்களைத் தூக்கி வளர்த்த உம்மு ஐமன் (ரலி) அவர்களைத் தங்கள் தாயின் இடத்தில் வைத்தே பேசியிருக்கிறார்கள்.

யா அல்லாஹ்! அந்தத் தம்பதியின் மடியில் ஹலாலான வழியில் ஒரு பிள்ளையைத் தருவாயாக. எந்தத் தாயிடமிருந்தும் பறிக்கப்படாத பிள்ளையாகத் தருவாயாக. தொலைந்த பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு யஃகூப் நபிக்குத் திருப்பிக் கொடுத்ததுபோல் திருப்பிக் கொடுப்பாயாக. ஆமீன்.